மாமன் சீராக ஒரு பிஸ்டல்

ஜூன் 3, செவ்வாய்

இன்று காலை பதினொன்று இருபதுக்கு உலக வரலாறு திசை மாறியது. அந்த நேரத்தில் நான் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவரின் கீழ்த்தாடைக்குப் பல் அடுக்கிக்கொண்டிருந்தேன்.

பிற்காலத்தில் இந்த நாட்குறிப்பைத் தோண்டி எடுக்கப்போகும் ஆராய்ச்சியாளர்களின் வசதிக்காகச் சொல்லிவிடுகிறேன். நான் சௌந்தரபாண்டியன். வயது ஐம்பத்தெட்டு. திண்டுக்கல்லில் பல் செட் செய்யும் லேப் வைத்திருக்கிறேன். டாக்டர்கள் வாயை அளவெடுத்து அனுப்புவார்கள், நான் பல்லைச் செய்து திருப்பி அனுப்புவேன். இந்த ஜில்லாவில் அறுபது தாண்டியவர்கள் சிரித்தால் அதில் பாதி என்னுடைய சிரிப்பு. முறுக்கைக் கடித்தால் அந்தச் சத்தத்தில் முக்கால் பங்கு என் உழைப்பு. கல்யாணம் ஆகவில்லை. எனக்குப் பெண் கொடுக்க வந்தவர்களின் வரிசை வேடசந்தூர் வரை நின்றதாகவும், போக்குவரத்து நெரிசலைக் கருதி நானே கலைந்துபோகச் சொன்னதாகவும் ஊரில் ஒரு பேச்சு உண்டு. அதைக் கிளப்பியவன் நான்தான்.

போன் அடித்தது. தெரியாத எண்.

"மாமா, நான் லோசனி பேசறேன்."

தலைமையாசிரியரின் கடைவாய்ப்பல் ஒன்று இடுக்கியிலிருந்து நழுவி எங்கோ உருண்டு போனது.

மீனலோசனி என் ஒரே தங்கை கோமளவல்லியின் ஒரே மகள். பதினெட்டு வயது. மதுரையில் விடுதியில் தங்கிக் கல்லூரியில் படிக்கிறாள். அவள் குரலைக் கேட்டு ஐந்து வருடம் ஆகிறது. ஏன் ஐந்து வருடம் என்பது இந்த இடத்துக்குத் தேவையில்லாத விஷயம்.

"சொல்லு மருமகளே. ராஜ்யம் வேணுமா, யானை வேணுமா?"

"துப்பாக்கி வேணும் மாமா."

"யாரைச் சுடணும்னு சொல்லு. துப்பாக்கி எதுக்கு, நானே முறைச்சுப் பார்த்து முடிச்சிட்டு வந்துர்றேன்."

சிரித்தாள். அந்தச் சிரிப்பு என் கம்பெனித் தயாரிப்பு இல்லை, அவளுடைய சொந்தப் பல்.

விஷயம் இதுதான். கல்லூரி என்.சி.சி.யில் துப்பாக்கியைத் தொட்டவள், இப்போது ஒரு கிளப்பில் சேர்ந்து ஏர் பிஸ்டல் சுடுகிறாள். பத்து மீட்டர் தூரத்தில் அட்டை, அதன் நடுவில் சட்டைப் பொத்தானைவிடச் சிறிதாக ஒரு புள்ளி. இதுவரை சீனியர் அக்கா ஒருத்தி தன்னுடையதை இரவல் கொடுத்து வந்தாள். அந்த அக்காவுக்குக் கோயம்புத்தூரில் வேலை கிடைத்துவிட்டது, பிஸ்டலும் அவளோடு போகிறது. ஜூலை 13 மண்டலத் தேர்வு.

"அம்மாகிட்ட கேட்டேன். சேலை, கம்மல்னா எப்படியாவது பார்க்கலாம், இதுக்கு எங்க போறதுன்னாங்க. சடங்கப்ப எனக்கு மாமன் சீர்னு எதுவும் வரலயே மாமா. அதுக்குப் பதிலா இதைக் கேக்கலாமான்னு தோணுச்சு. அம்மாவுக்குத் தெரியாது, நான் கேக்கறது."

வந்த விம்மலை இருமலாக மாற்றிச் சமாளித்தேன்.

"கேட்டுட்டேல்ல, வந்துருச்சுன்னு வச்சுக்கோ."

"அதுல ஒண்ணு மட்டும் பார்த்து வாங்கணும் மாமா. கைப்பிடி வந்து..."

"துப்பாக்கியைப் பத்தி எனக்கா பாடம் எடுக்கற? வை போனை. போய்ப் படி."

துப்பாக்கியைப் பற்றி எனக்குத் தெரிந்தது குண்டு எந்தப் பக்கமாக வெளியே வரும் என்பது. அதிலும் லேசாகச் சந்தேகம் உண்டு.

ஜூன் 4, புதன்

தலைமையாசிரியரின் இரண்டு கோரைப்பற்களும் இடம் மாறி உட்கார்ந்திருந்தன. திருத்தினேன். உடல் லேபில், மனம் போர்முனையில்.

ஜூன் 7, சனி

மதுரைக்குப் படையெடுப்பு.

துப்பாக்கிக் கடை என்றதும் பீரங்கி வரிசையை எதிர்பார்த்துப் போனேன். மருந்துக்கடை போல ஒடுக்கமாக இருந்தது. கல்லாவில் ஹபீப் பாய், மூக்குக் கண்ணாடி, வெள்ளைச் சட்டை, பாதி குடித்த டீ. கண்ணாடி அலமாரியில் பூட்டுக்குள் இருந்த பெரிய ரிவால்வர் ஒன்றைக் காட்டி, "அதை எடுங்க பாய்" என்றேன்.

"எதுக்குங்க?"

"மருமகளுக்குச் சீர்."

அவர் டீயைக் கீழே வைத்தார். "இதுக்கு லைசென்ஸ் வேணும். கலெக்டர் ஆபீஸ்ல மனுக் குடுக்கணும். போலீஸ் விசாரணை நடக்கும். அக்கம்பக்கத்துல போய் நீங்க எப்படிப்பட்ட ஆளு, உங்க பேச்சை நம்பலாமான்னு கேப்பாங்க."

அந்த அளவுக்கு ஆபத்தில் இறங்க நான் தயாராக இல்லை.

"பாப்பா போட்டிக்குத்தானே சுடுது? அப்ப ஏர் பிஸ்டல். காத்துல ஓடுறது. அடையாள அட்டை இருந்தா போதும்" என்று மூன்றை எடுத்து வெல்வெட் துணியில் வைத்தார். ஒன்று ஸ்பிரிங்கில் வேலை செய்வது. மலிவு, ஆனால் சுடும்போது கையில் உதறும். இரண்டாவது கேஸ் குப்பி போடுவது. வெயில் காலத்தில் ஒரு மாதிரியும் மழைக்காலத்தில் ஒரு மாதிரியும் சுடும். மூன்றாவதற்குக் குழலுக்குக் கீழே காற்று அடைத்த சிலிண்டர். குழந்தை தூங்கும் அறையில் கதவைச் சாத்துவது போலச் சுடும் என்றார். ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. விசையின் இறுக்கத்தைத் திருகி மாற்றிக்கொள்ளலாம். வாதுமை மரக் கைப்பிடி, உள்ளங்கைக்கு மேடும் விரல்களுக்குப் பள்ளமுமாகக் கடைந்து எடுத்தது. மூன்றாவதைத் தொட்டதும் எனக்குப் புரிந்துவிட்டது. நல்ல பல் செட்டும் இப்படித்தான், பார்த்தவுடனே வாய்க்குள் போகத் துடிக்கும்.

"பாப்பாவைக் கூட்டிட்டு வந்து வாங்குங்களேன். காலைக் கொண்டாராம செருப்பு வாங்குவீங்களா?"

"சீர் பாய். தட்டுல வச்சுக் குடுக்கறப்பதான் அவ பார்க்கணும்."

"சரி, வலதா இடதா?"

எனக்குச் சுருக்கென்றது. "எங்க வீட்டுப் பொண்ணு எதையும் வலது கையாலதான் வாங்கும். நானே குடுத்திருக்கேன், நானே பார்த்திருக்கேன். காது குத்துலருந்து."

பாய் என்னை ஒரு கணம் பார்த்துவிட்டு வலது கைப்பிடியைத் திருகிப் பொருத்தினார். பெட்டியை என்னிடம் தள்ளுமுன் ஒன்று சொன்னார். "குண்டு இருக்கோ இல்லையோ, இருக்குன்னே நெனச்சுக்கங்க. சுட வேண்டியதைத் தவிர வேற எதுக்கு நேராவும் திருப்பக் கூடாது."

திண்டுக்கல் வரை பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, ஜன்னல் பக்கமாகவே திருப்பி வைத்திருந்தேன். வழியில் வாடிப்பட்டியை மட்டும் தவிர்க்க முடியவில்லை.

ஜூன் 8, ஞாயிறு

லேபில் காலிச் சுவரைப் பார்த்துக் கையை நீட்டி நின்றேன். அரை மணி நேரம் மலைபோல அசையாமல் நின்றதாக எழுத நினைத்தேன். சுவர்க் கடிகாரம் நாற்பது விநாடி என்றது. அதற்குள் தோள் கழன்றுவிட்டது. அலமாரியிலிருந்த முந்நூறு பிளாஸ்டர் தாடைகளும் வாய்விட்டுச் சிரித்தன.

இந்தச் சின்னப் பெண் இதை ஒரே போட்டியில் அறுபது தடவை தூக்கி நிறுத்துகிறாளாம்.

ஜூன் 11, புதன்

கோமளா பேசினாள். சுருக்கமாகக் குறித்து வைக்கிறேன்.

"அவ உங்ககிட்ட எதையோ கேட்டாளாமே."

நீங்க. பிறந்ததிலிருந்து என்னை 'நீ' என்று கூப்பிட்டு, என் சட்டைப்பையிலிருந்து சில்லறை எடுத்தவள்.

"ஆமா. உலகத்துலயே இல்லாத ஒரு பிஸ்டலை..."

"உலகமெல்லாம் வேண்டாம். கையில இருக்கா, இல்ல வரப்போகுதா?"

"கையில இருக்கு."

"வெறும் வாயால இல்லையே?"

"பெட்டியோட இருக்கு கோமளா."

அவளுக்குப் பின்னால் பிள்ளைகளின் இரைச்சல். வத்தலக்குண்டில் சத்துணவுக் கூடத்தில் வேலை பார்க்கிறாள், சாப்பாட்டு நேரம் போல.

"ஞாயித்துக்கிழமை அவ வீட்டுக்கு வர்றா. கொண்டாந்து குடுங்க. அவ ஆசைப்பட்டுட்டா, அதுக்காக. எனக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல."

வீட்டு வாசலை மிதிக்கலாம் என்கிறாள். போனை வைத்துவிட்டு லேபைச் சுத்தமாகப் பெருக்கினேன். ஏன் பெருக்கினேன் என்று தெரியவில்லை.

ஜூன் 15, ஞாயிறு

ஏழு தாம்பாளம். கூட்டாமல் எழுதினால் ஐந்து. மாம்பழம், வாழைப்பழம், தேங்காய், வெற்றிலை பாக்கு பூ. நடுத்தட்டில் பிஸ்டல் பெட்டி, மூடியில் சந்தனம் குங்குமம். பஸ்ஸில் நாதஸ்வரத்துக்கு இடமில்லை, அதனால் மனதுக்குள் வாசித்துக்கொண்டேன். கண்டக்டர், "என்ன விசேஷம்ணே?" என்றார். "மருமகளுக்குச் சீர்" என்றேன். "அந்தப் பெட்டியில நகையா?" என்றார். "அதுக்கும் மேல" என்றேன்.

லோசனி வாசலுக்கே ஓடி வந்தாள். என் தோள் அளவு இருந்தவள் இப்போது என் காது வரை இருக்கிறாள். கோமளா அடுக்களைக் கதவில் சாய்ந்து நின்றாள். வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. நெற்றியோரம் நிறைய நரைத்திருக்கிறது.

நடுத்தட்டை நீட்டினேன். வலது கையை முன்னே நீட்டி, அழகாகக் குனிந்து வாங்கினாள். பார்த்தீர்களா ஹபீப் பாய் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன்.

பெட்டியைத் திறந்தாள். முகம் மலர்ந்தது. குண்டு இல்லையென்று சரிபார்த்தாள், சுவர்ப் பக்கம் திரும்பினாள். பிறகு, எந்த யோசனையும் இல்லாமல், அதை இடது கைக்கு மாற்றினாள்.

விரல்கள் உள்ளே போகவில்லை. உள்ளங்கை மேடு தப்பான பக்கத்தில் முட்டியது. கட்டைவிரலுக்கு உட்கார இடமில்லை. ஒரு தடவை திருப்பிப் பார்த்தாள், இன்னொரு தடவை பார்த்தாள். பிறகு வலது கைக்கு மாற்றிக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

"சூப்பரா இருக்கு மாமா. இதுதான் எனக்கு வேணும்னு நெனச்சேன்."

"லோசனி, பொய் சொல்லாத" என்றாள் கோமளா கதவருகிலிருந்து. "இந்தக் குடும்பத்துல அதுக்கு ஒரு ஆள் போதும்."

"அம்மா, பழகிக்கலாம்மா..."

"ஒரு மாசத்துல கை மாறுமா?" கோமளா என் பக்கம் திரும்பினாள். "அவ இடது கைக்காரி. பொறந்ததுலருந்து. எழுதறது, தலை சீவறது, பந்து எறியறது, எல்லாம் இடது."

"நான் பார்த்ததே இல்லையே கோமளா. தீபாவளிக்குத் துணி குடுத்தா வலது கையால வாங்குவா. பொங்கலுக்கு..."

"பெரியவங்க குடுத்தா வலது கையை நீட்டுன்னு நான்தான் அடிச்சு அடிச்சுப் பழக்கினேன். நீ வந்ததெல்லாம் அந்த நாளுக்கு மட்டும்தானே. சீர் வாங்கற கையைப் பார்த்திருக்க. அவ கையை எங்க பார்த்த?"

லோசனி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவ போன்லயே சொல்ல வந்தாளாம். நீ கேக்கலையாம். உனக்குத்தான் எல்லாம் தெரியுமே. அன்னைக்கும் எல்லாம் தெரியும்னுதான் சொன்ன."

பெட்டியை எடுத்துக்கொண்டு நாலு மணி பஸ்ஸைப் பிடித்தேன்.

ஜூன் 16, திங்கள்

வேலை செய்யவில்லை.

ஜூன் 18, புதன்

ஹபீப் பாயிடம் போனில் கேட்டேன். இடது கைப்பிடி வெளிநாட்டிலிருந்து வர வேண்டும், குறைந்தது இரண்டரை மாதம். சென்னையில் இரண்டு பேரைக் கேட்டாராம், அவர்களிடமும் இல்லை. "நான்தான் கேட்டேனே சார், வலதா இடதான்னு" என்றார். குத்தலாகச் சொல்லவில்லை. அதுதான் அதிகம் குத்தியது.

பெருக்கி எழுதியே பழகிவிட்டேன். இந்த ஒன்றை உள்ளபடி எழுதுகிறேன்.

ஐந்து வருடத்துக்கு முன் ஒரு வியாழக்கிழமை. காலை ஏழரைக்குக் கோமளா போன் செய்தாள். மாப்பிள்ளை தங்கராசுவுக்கு நெஞ்சு வலி. வத்தலக்குண்டு அரசு ஆஸ்பத்திரி அவர்கள் வீட்டிலிருந்து பத்து நிமிடம். அங்கே போகட்டுமா என்றுதான் கேட்டாள். நான், "அங்க எதுக்கு? மதுரையில பெரிய இதய டாக்டர் என் பாக்கெட்ல இருக்கார். அவருக்குப் பல்லே நான்தான். கார் அனுப்பச் சொல்றேன். யாரும் வீட்டை விட்டு நகராதீங்க" என்றேன்.

நான் பல் செய்தது அந்த டாக்டரின் டிரைவருடைய அம்மாவுக்கு.

டிரைவர் எடுக்கவில்லை. வேறு யார் யாருக்கோ அடித்தேன். ஒருவரும் இல்லை என்று தெரிந்த பிறகாவது கோமளாவைக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அடுத்த போனில் கிடைத்துவிடும், அடுத்ததில் கிடைத்துவிடும் என்று அடித்துக்கொண்டே இருந்தேன். அவர்கள் ஒன்பதே முக்கால் வரை காத்திருந்துவிட்டு, பக்கத்து வீட்டு ஆட்டோவில் கிளம்பினார்கள். ஆஸ்பத்திரி வாசலிலேயே முடிந்துவிட்டது.

முன்னாலேயே போயிருந்தாலும் என்ன ஆகியிருக்கும் என்று சொல்ல முடியாது என்று எனக்குத் தெரிந்த பல் டாக்டர் ஒருவர் சொன்னார். அந்த ஒரு வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டு ஐந்து வருடம் ஓட்டியிருக்கிறேன்.

நான்கு மாதம் கழித்து லோசனி பெரிய மனுஷி ஆனாள். சீர்த்தட்டுகளோடு போனேன். தெருமுனையில் தடுத்துவிட்டார்கள். மாமன் முறைக்கு யாரோ ஒரு தூரத்து உறவுக்காரர் நின்று மாலை போட்டார். மாம்பழங்களைப் பஸ் ஸ்டாண்டில் இருந்தவர்களுக்குக் கொடுத்துவிட்டு வந்தேன்.

ஜூன் 19, வியாழன்

காலையில் ஒரு பாட்டியம்மாவின் மேல் செட்டை அரத்தால் தேய்த்துக்கொண்டிருந்தேன். ஈறை எங்கே கடிக்கிறது என்று பார்த்து, அந்த இடத்தில் மட்டும் ஒரு நூல் குறைப்பது. அப்படியே நிறுத்திவிட்டேன்.

கைப்பிடி என்றால் என்ன? உடம்பில் ஓர் இடத்தைக் கடிக்காமல், நழுவாமல் பிடித்துக்கொள்ள வேண்டிய ஒரு பொருள். முப்பத்திரண்டு வருடமாக நான் வேறென்ன செய்கிறேன்?

லோசனிக்குப் போன் செய்தேன். "வரும்" என்று சொல்லவில்லை. "முயற்சி பண்ணிப் பார்க்கட்டுமா?" என்று கேட்டேன். மருமகளிடம் நான் அனுமதி கேட்டது இதுவே முதல் தடவை.

ஜூன் 22, ஞாயிறு

மதுரை, கிளப். நீளமான தகரக் கொட்டகை, ஒரு முனையில் அட்டைகள், மறுமுனையில் பிள்ளைகள். கோச் செலஸ்டின் மேடம், ராணுவத்தில் இருந்தவர். குரல் உயர்த்தாமலே கொட்டகை முழுவதையும் அடக்கி வைத்திருக்கிறார். நான் பையிலிருந்து மெழுகுத் தகடுகள், ஸ்பிரிட் விளக்கு, செதுக்குக் கத்தி எல்லாவற்றையும் எடுத்து அடுக்கினேன்.

"இது என்ன சார், ஆபரேஷனா?"

"பல் கட்டற மெழுகு மேடம். கைப்பிடியைக் கழட்டிட்டு, அந்த இடத்துல மெழுகைச் சுத்தி இவளைப் பிடிக்கச் சொல்லுவேன். பிடி அப்படியே பதிஞ்சிரும். அப்புறம் அதைப் பல் செட் பண்ற மாதிரியே வார்க்கணும்."

"போட்டிக்குத் தாங்குமா?"

பதில் தயாராக வந்தது. ஆனை மிதித்தாலும் தாங்கும் என்று. அதை விழுங்கினேன்.

"தெரியாது மேடம். இதுவரைக்கும் வாய்க்குத்தான் செஞ்சிருக்கேன்."

அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "ஆரம்பிங்க" என்றார்.

மெழுகை இளக்கிச் சுற்றினேன். லோசனி முழங்கையை மேசையில் ஊன்றி, அட்டையைப் பார்த்து, இடது கையால் பிடித்தாள். முதன்முதலாக அந்தக் கையைப் பக்கத்தில் பார்த்தேன். நடுவிரலில் பேனா அழுத்திய காய்ப்பு. ஆள்காட்டி விரலின் ஓரத்தில் பழைய வெட்டுத் தழும்பு. இந்தக் கை இத்தனை வருடமும் என் முன்னால் முதுகுக்குப் பின்னே போய் நின்றிருக்கிறது.

"இறுகற வரைக்கும் அசையக் கூடாது. அஞ்சு நிமிஷம்" என்று மணிக்கட்டைத் தாங்கிப் பிடித்துக்கொண்டேன். மேடம் மற்றப் பிள்ளைகளிடம் போனார்.

ஒரு நிமிடம் போயிருக்கும். அட்டையிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டாள்.

"மாமா, அன்னைக்கு அந்த டாக்டரை உங்களுக்குத் தெரியுமா?"

அவளும் கையை எடுக்க முடியாது. நானும் எழுந்து போக முடியாது.

"தெரியாது" என்றேன். "அவரோட டிரைவரைத் தெரியும். அவன் அம்மாவுக்குப் பல் செஞ்சேன்."

"அப்ப காரு?"

"காரே இல்ல பாப்பா."

அவள் மூச்சை மெதுவாக விட்டாள். சுடுவதற்கு முன்னால் விடுவார்களாமே, அப்படி.

"என்னைத்தான் வாசல்ல நின்னு பார்க்கச் சொன்னாங்க. வெள்ளைக் காருன்னு நானா நெனச்சுக்கிட்டேன். ஒவ்வொரு வண்டி திரும்பறப்பவும் உள்ள ஓடிப்போய், வந்துருச்சுப்பான்னு சொன்னேன். அப்பா ஒவ்வொரு தடவையும் எந்திரிக்கப் பார்த்தாங்க."

அவள் மணிக்கட்டை விடாமல் பிடித்திருந்தேன்.

"எனக்கு அது மட்டும்தான் தெரிஞ்சுக்கணும் மாமா. கார் வர லேட்டாச்சா, இல்ல கிளம்பவே இல்லையான்னு. அம்மாகிட்ட கேட்க முடியல."

"கிளம்பல. நான் போன் பண்ணிச் சொல்லியிருக்கணும். சொல்லல."

மெழுகு இறுகியதும் கழற்றிப் பார்த்தோம். விரல் பள்ளங்களின் ஓரமெல்லாம் சின்னச் சின்ன அலையாக இருந்தது. நடுக்கம் அப்படியே பதிந்துவிட்டது. அவள் கை நடுங்கியதா, தாங்கிய என் கை நடுங்கியதா என்று மெழுகில் தெரியவில்லை. அந்த மெழுகை உருக்கி, மறுபடி சுற்றினேன்.

"இப்ப சரியாப் பிடிக்கிறேன் மாமா" என்றாள்.

இரண்டாவது பதிவு வழவழவென்று வந்தது.

ஜூன் 25, புதன்

வார்த்தாயிற்று. ஒரு சிறு விஷயம். பல் செட் செய்யும் பிசின் என்னிடம் ஒரே நிறத்தில்தான் இருக்கிறது. ஆகவே உலகத்திலேயே முதன்முறையாக, ஈறு நிறத்தில் கைப்பிடி வைத்த ஒரு பிஸ்டல் திண்டுக்கல்லில் பிறந்திருக்கிறது. பார்த்தால் துப்பாக்கி எந்த நிமிடமும் கொட்டாவி விடும் போல இருக்கிறது.

ஜூன் 29, ஞாயிறு

முதல் பொருத்தம். லோசனி அதைப் பார்த்து முழங்காலைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். மற்றப் பிள்ளைகள் அதற்கு 'பாட்டி வாய்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். செலஸ்டின் மேடம் முகத்தைத் திருப்பிக்கொண்டார், தோள் மட்டும் குலுங்கியது.

பல் செட்டில் எங்கே இடிக்கிறது என்று பார்க்கக் கார்பன் தாளைக் கடிக்கச் சொல்வோம், இடிக்கும் இடத்தில் நீலம் ஒட்டும். அதே தாளைக் கைப்பிடியில் சுற்றிப் பிடிக்கச் சொன்னேன். உள்ளங்கையில் மூன்று இடத்தில் நீலம். அந்தந்த இடத்தில் தேய்த்தேன்.

"கடிக்குதா?"

"சுண்டு விரல்ல கொஞ்சம் கடிக்குது டாக்டர்."

"ரெண்டு நாளைக்குக் கெட்டியா எதுவும் சாப்பிடாத."

ஜூலை 2, புதன்

லோசனி போனில் பேசினாள். இரவல் பிஸ்டலில் அவள் எடுத்த அதிகபட்சம் ஐநூற்று இருபத்தாறு. இன்று பாட்டி வாயில் ஐநூற்று முப்பத்தொன்று. மொத்தம் அறுநூறு. தேர்வாக ஐநூற்று நாற்பது வேண்டும். தெருவில் எல்லோரிடமும் சொன்னேன். ஐநூற்றைம்பது என்று ஒரே ஒருவரிடம் சொல்லிவிட்டு, திரும்பப் போய்த் திருத்திவிட்டு வந்தேன். டீக்கடைக்காரர் என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்.

ஜூலை 6, ஞாயிறு

மூன்றாவது பொருத்தம். எங்கும் நீலம் ஒட்டவில்லை. லேபுக்குக் கொண்டுவந்து மெருகு போட்டேன், கண்ணாடி போல. நல்ல வேலையை மெருகு போடாமல் என் லேபை விட்டு வெளியே அனுப்பியதில்லை.

ஜூலை 11, வெள்ளி

கோமளாவிடம் பேசினேன். நானாகத்தான் அடித்தேன். லோசனியிடம் சொன்னதை அவளிடமும் சொன்னேன், டிரைவர், கார், போன், எல்லாம். முழுவதும் கேட்டாள்.

"இதை அப்பவே சொல்லியிருக்கலாம்ல" என்றாள். வைத்துவிட்டாள்.

ஜூலை 13, ஞாயிறு

காலையில் கருவிச் சோதனை. பிஸ்டலை ஓர் அளவுப் பெட்டிக்குள் வைத்துப் பார்க்கிறார்கள், வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் போட்டியில் இல்லை. சோதனை அதிகாரி அதைக் கையில் எடுத்து, முன்னும் பின்னும் பார்த்து, மோந்துகூடப் பார்த்தார். "இது எந்த நாட்டுத் தயாரிப்பும்மா?" என்றார். "எங்க மாமா" என்றாள் லோசனி. பெட்டிக்குள் சரியாக அடங்கியது.

பார்வையாளர் பெஞ்சில் உட்கார்ந்தேன். ஒன்றேகால் மணி நேரம். அறுபது குண்டு. என் வாழ்க்கையிலேயே நான் வாயைத் திறக்காமல் இருந்த மிக நீண்ட நேரம் இதுதான், இதில் கூட்டல் இல்லை. கையைத் தூக்குவாள், மூச்சை விடுவாள், நிற்பாள். சில சமயம் சுடாமலே இறக்கி வைத்துவிட்டு மறுபடி தூக்குவாள். பிடிக்கவில்லை என்றால் இறக்கி வைத்துவிடலாம், அதில் தப்பில்லை என்று செலஸ்டின் மேடம் என் காதில் சொன்னார்.

கடைசி இருபதில், குண்டுக்கு ஒரு தடவை உள்ளங்கையைத் துணியில் துடைக்க ஆரம்பித்தாள்.

முடிந்து வெளியே வந்தவள் என்னைத் தாண்டிக் குழாயடிக்குப் போனாள். அவள் போன் பையில் அடித்து அடித்து நின்றது. பிறகு என் போன் அடித்தது. கோமளா.

"என்னாச்சு?"

"ஐநூத்தி முப்பத்தெட்டு. நாப்பது வேணும். ரெண்டு கம்மி. தேர்வாகல கோமளா."

"அவ எங்க?"

"முகம் கழுவிட்டிருக்கா. அழுதா. இப்ப நிறுத்திட்டா."

"அந்தக் கைப்பிடி?"

"அதுலதான் தப்பு. கட்டை விரல் உக்கார்ற இடம் கடைசியில வேர்வைக்கு வழுக்கிருச்சு. கைப்பிடின்னா சொரசொரன்னு விடணுமாம். நான் பல்லுக்குப் போடற மாதிரி மெருகு போட்டுட்டேன். என் வேலைதான் அந்த ரெண்டை எடுத்துருச்சு. வேற யாரும் காரணம் இல்ல."

அந்தப் பக்கம் பாத்திரம் ஒன்றை நகர்த்தும் சத்தம்.

"சரி பண்ண முடியுமா?"

"முடியும்னு நெனக்கிறேன். மேடத்தைக் கேட்டுட்டுத்தான் சொல்லணும்."

"மறுபடி எப்ப?"

"டிசம்பர்ல."

கோமளா கொஞ்ச நேரம் பேசவில்லை. நானும் அந்த இடைவெளியில் எதையும் போட்டு நிரப்பவில்லை.

"வர்ற வழியில கண்டதைத் தின்னுட்டு வந்துராதீங்க. ரெண்டு பேருக்கும் சேர்த்துத்தான் அரிசி போட்டிருக்கேன்."

இதை வத்தலக்குண்டு பஸ்ஸில் உட்கார்ந்து எழுதுகிறேன். கோணல்மாணலாக இருக்கிறது. பெட்டி என் மடியில். லோசனி ஜன்னலில் தலை சாய்த்துத் தூங்குகிறாள். நிலக்கோட்டை தாண்டியாயிற்று.

பசிக்கிறது.